மும்மடங்கு மயக்கம்: விலை வரலாற்றைப் படிப்பது எப்படி?

வெளிநாட்டுப் பங்குகளில் முதலீடு செய்வதற்காகப் பணம் அனுப்ப விரும்பும் வாடிக்கையாளர்கள் இன்று நம் கிளைகளுக்குப் புதியவர்கள் அல்லர். ரிசர்வ் வங்கியின் தாராளமயமாக்கப்பட்ட பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். அவ்வாறு வருவோரில் சிலர் கைப்பேசியில் ஒரு வரைபடத்தைக் காட்டுகிறார்கள். "குறியீட்டெண் ஏறினால் இந்த நிதி மூன்று மடங்கு ஏறும். பத்தாண்டு விலையைப் பாருங்கள். ஓய்வுக்காலச் சேமிப்பை இதில் போட்டுவைத்தால் என்ன?" என்று கேட்கிறார்கள்.

கேள்வி நேர்மையானது. அதற்கான விடை அந்த வரைபடத்திலேயே இருக்கிறது. ஆனால், சாதாரணப் பங்கின் விலை வரலாற்றைப் படிப்பது போல் அதைப் படித்தால் விடை தவறாகவே கிடைக்கும் என்பது நமது கருத்து.

அமெரிக்கச் சந்தையில் டி.கியூ.கியூ.கியூ. என்னும் குறியீட்டுப் பெயரில் வணிகமாகும் நிதியை எடுத்துக்கொள்வோம். புரோஷேர்ஸ் நிறுவனம் 2010 பிப்ரவரியில் தொடங்கிய லீவரேஜ்டு இ.டி.எஃப். அது. நாஸ்டாக் 100 குறியீட்டெண்ணின் ஒரு நாள் ஏற்ற இறக்கத்தைப்போல் மூன்று மடங்கைத் தருவதே அதன் நோக்கம். 'ஒரு நாள்' என்ற இரண்டு சொற்களில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஒரு மாதத்திற்கோ ஓர் ஆண்டிற்கோ மூன்று மடங்கு தருவதாக அந்த நிதி யாருக்கும் வாக்களிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது.

இதன் விளைவை நமக்குப் பழகிய நிஃப்டியைக் கொண்டே காணலாம். 2024 ஜூன் 3 அன்று நிஃப்டி 23,264 புள்ளிகளில் முடிந்தது. மக்களவைத் தேர்தல் முடிவுகள் வெளியான மறுநாள் அது 5.93 சதவீதம் வீழ்ந்தது. அடுத்த மூன்று நாட்களில் முறையே 3.36, 0.89, 2.05 சதவீதம் ஏறி, ஜூன் 7 அன்று 23,290 புள்ளிகளில் முடிந்தது. நான்கு நாட்களில் குறியீட்டெண் இழந்ததை மீட்டு, ஒரு சிறு ஆதாயத்தையும் கண்டுவிட்டது. நம் பங்குச் சந்தைகளில் மும்மடங்கு நிதிகள் பட்டியலிடப்படவில்லை. இருந்திருந்தால், அதில் போட்ட ஒரு லட்சம் ரூபாய் முதல் நாளில் சுமார் 82,200 ஆகி, நான்காம் நாள் சுமார் 98,600 ரூபாயில் நின்றிருக்கும். செலவு எதையும் கழிக்காத கணக்கு இது. குறியீட்டெண் ஏறியது, மும்மடங்கு நிதியோ இறங்கியது. இதில் எவருடைய தவறும் இல்லை, கணிதத்தின் இயல்பு அது. பெரிய தொகையின் மீது இழப்பும், சுருங்கிய தொகையின் மீது ஆதாயமும் கணக்கிடப்படுவதால், மீட்சி முழுமை பெறுவதில்லை.

நான்கு நாட்களில் ஒன்றரை சதவீதத்திற்கும் குறைவாகத் தோன்றும் இந்தத் தேய்மானம் ஆண்டுக்கணக்கில் என்னவாகும் என்பதற்கு 2022, 2023 ஆகிய ஈராண்டுகளே சான்று. 2022-இல் நாஸ்டாக் 100 சுமார் 33 சதவீதம் வீழ்ந்தது, டி.கியூ.கியூ.கியூ. சுமார் 79 சதவீதம் வீழ்ந்தது. 2023-இல் குறியீட்டெண் ஏறத்தாழ 54 சதவீதம் உயர்ந்தது, மும்மடங்கு நிதியோ கிட்டத்தட்ட மூன்று மடங்காகப் பெருகியது. அவ்வாண்டின் வரைபடத்தை மட்டும் பார்ப்பவர் வியந்துபோவார். இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்ப்போம். டாலர்-ரூபாய் மாற்று வேறுபாட்டை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 2021 இறுதியில் குறியீட்டெண்ணில் இருந்த ஒரு லட்சம் 2023 இறுதியில் சுமார் 1,03,000 ஆனது. மும்மடங்கு நிதியில் இருந்த ஒரு லட்சம் முதலில் ஏறக்குறைய 21,000 ஆகச் சுருங்கி, பின்னர் 62,000 அளவுக்கே மீண்டது.

ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும் சந்தை இந்த நிதிகளுக்குப் பகை. ஒரே திசையில் தொடர்ந்து ஏறும் சந்தையோ நட்பு. குறியீட்டெண் மூன்று நாட்கள் தொடர்ந்து பத்துப் பத்துச் சதவீதம் ஏறுவதாகக் கற்பனை செய்துகொண்டால், அதன் ஆதாயம் 33.1 சதவீதம். இருமடங்கு நிதியின் ஆதாயம் 66.2 அன்று, 72.8 சதவீதம். ஆகவே இந்நிதிகள் எப்போதும் தேயும் என்று சொல்வதும் சரியன்று. தொடக்கப் புள்ளியும் முடிவுப் புள்ளியும் அன்றி, இடையில் கடந்துவந்த பாதையே விளைவைத் தீர்மானிக்கிறது என்பதே உண்மை. விலை வரலாற்றில் நாம் தேட வேண்டியதும் அந்தப் பாதையைத்தான்.

பட்டியலில் உள்ள எண்களும் ஒரு திருத்தத்தைக் கடந்தவை. விலை உயரும்போது நிதி நிறுவனம் அலகுகளைப் பிரிக்கிறது, விலை மிகத் தாழும்போது பல அலகுகளை ஒன்றாக்குகிறது. 2022 ஜனவரியில் டி.கியூ.கியூ.கியூ.வின் ஓர் அலகு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அதே மாதத்தில், எதிர்த்திசையில் மும்மடங்கு இயங்கும் எஸ்.கியூ.கியூ.கியூ.வின் ஐந்து அலகுகள் ஒன்றாக்கப்பட்டன. இத்தகைய மாற்றங்களுக்கு ஏற்பப் பழைய விலைகள் அனைத்தும் திருத்தி எழுதப்படுகின்றன. அதனால் முதலாவதன் தொடக்க விலை இன்றைய பட்டியலில் ஒரு டாலருக்கும் குறைவாகவும், இரண்டாவதன் தொடக்க விலை பல்லாயிரம் டாலராகவும் தெரியும். அந்த விலைகளில் அன்று எவரும் வாங்கவுமில்லை, விற்கவுமில்லை. ஒப்பிடுவதற்குத் திருத்தப்பட்ட விலையையும், அன்று உண்மையில் கைமாறிய தொகையை அறியத் திருத்தப்படாத விலையையும் பார்க்க வேண்டும். இரண்டையும் கலந்தால் கணக்கு பிழையாகும்.

பட்டியல் எந்த நாளில் தொடங்குகிறது என்பதும் முக்கியம். டி.கியூ.கியூ.கியூ.வின் வரலாறு 2008-ஆம் ஆண்டின் நெருக்கடி ஓய்ந்த பிறகு தொடங்குகிறது. 2000 மார்ச் உச்சத்திலிருந்து 2002 அக்டோபர் வரை நாஸ்டாக் 100 எண்பது சதவீதத்திற்கும் மேல் வீழ்ந்த காலம் அதில் இல்லை. மேலும், மும்மடங்கு என்பது கடனுக்கு நிகரான ஏற்பாடு, அதற்கு வட்டி உண்டு. நிதி தொடங்கியதற்குப் பின்வந்த ஆண்டுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் வட்டி விகிதம் மிகத் தாழ்ந்திருந்தவை. 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த விகிதம் 2023 ஜூலையில் 5.25 முதல் 5.50 சதவீதம் வரை சென்றது. மலிவான கடனின் காலத்து விலையை வைத்து, விலையுயர்ந்த கடனின் காலத்தை எடைபோட முடியாது.

இன்று நம் கண்ணில் படும் பட்டியல்கள் பிழைத்திருப்பவற்றின் பட்டியல்கள் என்பதையும் மறக்கலாகாது. சந்தைப் பதற்றத்தை அளக்கும் விக்ஸ் குறியீட்டெண்ணின் முன்பேர ஒப்பந்தங்களுக்கு எதிர்த்திசையில் இயங்கிய எக்ஸ்.ஐ.வி. என்னும் பத்திரம், அதுவரை அழகிய ஏறுமுக வரைபடத்தைக் கொண்டிருந்தது. 2018 பிப்ரவரி 5 என்ற ஒரே நாளில் அது தன் மதிப்பில் தொண்ணூறு சதவீதத்திற்கும் மேல் இழந்து, பின்னர் மூடப்பட்டது. 2020 மார்ச் மாதக் கொந்தளிப்பின்போது டைரெக்சியன் நிறுவனம் தன் மும்மடங்கு நிதிகள் பத்தை இருமடங்காகக் குறைத்தது. பெயர் தொடர்கிறது, விலை வரிசையும் தொடர்கிறது. ஆனால், பழைய விலைகள் வேறொரு விதியின்கீழ் பிறந்தவை.

"2010-இல் வாங்கி இன்றுவரை வைத்திருப்பவர் பெருஞ்செல்வம் ஈட்டியிருக்கிறாரே" என்று வாசகர்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்த ஆதாயத்தைப் பெற அவர் 79 சதவீத வீழ்ச்சியையும் கைவிடாமல் கடந்திருக்க வேண்டும். 33 சதவீதம் இழந்தவர் பழைய நிலையை எட்ட 49 சதவீத ஏற்றம் போதும். 79 சதவீதம் இழந்தவருக்கு 376 சதவீத ஏற்றம் தேவை. முப்பது வயதில் சம்பளத்தில் ஒரு சிறு பகுதியைப் போட்டவர் ஒருவேளை காத்திருக்கலாம். அடுத்த ஆண்டு மகளின் திருமணத்திற்கோ, ஓய்வுபெற்றபின் மருத்துவச் செலவிற்கோ அந்தப் பணத்தை நம்பியிருப்பவருக்குக் காத்திருக்கும் உரிமையே இல்லை. வரைபடத்தில் அந்த வீழ்ச்சி ஒரு சிறு பள்ளமாகத் தெரியும். குடும்பத்தில் அது அப்படித் தெரியாது.

இந்த எச்சரிக்கை புதிதன்று. 2009-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் முதலீட்டாளர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டை வைத்தது. 2008 டிசம்பர் முதல் 2009 ஏப்ரல் இறுதிவரை ஒரு குறியீட்டெண் சுமார் 8 சதவீதம் உயர்ந்தபோது, அதன் மும்மடங்கு நிதி 53 சதவீதமும், எதிர்த்திசை மும்மடங்கு நிதி 90 சதவீதமும் இழந்தன. ஏற்றத்தை நம்பியவரும் தோற்றார், இறக்கத்தை நம்பியவரும் தோற்றார்.

ஆகவே நமது நிலைப்பாடு தெளிவானது. நாள்தோறும் சந்தையைக் கவனித்து, குறுகிய காலத்தில் வெளியேறத் தெரிந்தவர்களுக்கான கருவி இது. நீண்டகாலச் சேமிப்பை வைக்கும் இடம் அன்று. இந்நிதிகளின் விலையைக் காட்டும் ஒவ்வொரு செயலியும் ஆதாயத்திற்குப் பக்கத்திலேயே மிகப் பெரிய வீழ்ச்சியையும், அதே காலத்தில் மூலக் குறியீட்டெண் தந்ததையும் காட்ட வேண்டும் என்றும் நாம் கருதுகிறோம். என்றேனும் நம் நாட்டில் இத்தகைய நிதிகள் அனுமதிக்கப்பட்டால், அது முதல் நிபந்தனையாக இருக்கட்டும்.

அதுவரை வாசகர்கள் தாமே நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இந்த விலை திருத்தப்பட்டதா? பட்டியல் எந்த ஆண்டில் தொடங்குகிறது, எந்த வீழ்ச்சி அதில் இல்லை? நிதியின் மடங்கு இடையில் மாறியதா? உச்சத்தில் வாங்கியிருந்தால் என் பணம் எவ்வளவாகச் சுருங்கியிருக்கும்? நான்காவது கேள்விக்கான விடையை ரூபாயில் ஒரு தாளில் எழுதி, வீட்டாரிடம் காட்டிய பிறகு பணம் அனுப்பும் படிவத்தில் கையெழுத்திடுங்கள்.