இரண்டு மச்சம், ஒரு 'நன்று'

பிளஸ் டூ முடித்து வெளியேறும் பிள்ளையின் கையில் பள்ளி கொடுத்தனுப்பும் தாள்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று மதிப்பெண் பட்டியல். மற்றொன்று மாற்றுச் சான்றிதழ், எல்லோர் வாயிலும் டிசி. அந்த டிசியில் அங்க அடையாளங்களுக்கு என்று ஓர் இடம் உண்டு. வலது முழங்கையில் ஒரு மச்சம், இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு என்று இரண்டு வரி இருக்கும். ஒழுக்கத்துக்கும் பண்புக்கும் ஒரு கட்டம் உண்டு. அதில் 'நன்று' என்று ஒரே ஒரு சொல். முன்பெஞ்சில் இருந்தவளுக்கும் அதே சொல், கடைசி பெஞ்சில் இருந்தவனுக்கும் அதே சொல். ஆறாம் வகுப்பில் சேர்ந்து, ஏழு வருஷம் ஒரே வேப்பமரத்தடியில் சோறு தின்று, அரைக்கால் சட்டையிலிருந்து முழுக்கால் சட்டைக்கு வளர்ந்த ஒருவனைப் பற்றிப் பள்ளி எழுதிவைப்பது இவ்வளவுதான்.

அவன் கூடப் படித்தவர்களுக்குத் தெரிந்தது இதைவிட எவ்வளவோ அதிகம்.

எந்த ஊர்ப் பள்ளியாக இருந்தாலும், பன்னிரண்டாம் வகுப்பு அறைகளுக்குள் சில முகங்கள் கட்டாயம் இருக்கும். முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்து ஸ்பெஷல் கிளாஸுக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, கரும்பலகையின் மூலையில் தேதி, பதிவு, வருகை மூன்றையும் அச்சுப்போல எழுதிவைக்கும் பெண் ஒருத்தி. அடுத்த பஸ் ஒன்பதே காலுக்குத்தான் என்பது அவள் தோழிக்கு மட்டும் தெரியும். பிரேயரில் மைக் கரகரத்தால் தலைமையாசிரியரே திரும்பிப் பார்க்கும் பையன் ஒருவன். எந்த ஒயரை அசைத்தால் சத்தம் வரும் என்று அவனுக்குக் கை பழகியிருக்கும். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் சேர்ந்து சொந்தமாக ஒரு சவுண்ட் சர்வீஸ் கடை போட வேண்டும் என்பது அவன் கணக்கு. வீட்டிலோ இன்ஜினியரிங் என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். அக்கவுண்டன்சி பாடத்தில் இருப்புநிலைக் குறிப்பு டேலி ஆகாமல் மணி அடித்தாலும் எழுந்திருக்காத ஒருத்தி. இயற்பியல் ஆசிரியர் குரலிலேயே பேசி வகுப்பைச் சிரிக்க வைக்கும் ஒருவன். அவர் வீட்டில் துக்கம் நடந்த வாரம் முழுக்க அவன் அந்தக் குரலைத் தொடவே மாட்டான். இதையெல்லாம் எந்தச் சான்றிதழில் எழுத முடியும்?

"என்ன ஆகப்போறே?" என்ற கேள்விக்குப் பதினேழு வயதுப் பிள்ளையிடம் இரண்டு பதில்கள் இருக்கும். ஒன்று, விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினருக்கும் வீட்டுக்கு வந்த சித்தப்பாவுக்கும் சொல்வது. டாக்டர், கலெக்டர், சாஃப்ட்வேர் என்று அது முன்பே தயாராக இருக்கும். மற்றொன்று, மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸ் மூடியில் ஊறுகாயைப் பங்கு போட்டபடி பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது. உண்மையான ஆசை அங்கேதான் வெளியே வரும். எஸ்.ஐ. தேர்வு எழுத வேண்டும், அப்பாவின் தறியை விற்கவிடாமல் காப்பாற்ற வேண்டும், கல்யாணப் பேச்சை மூன்று வருஷமாவது தள்ளிப்போட வேண்டும், கப்பலில் வேலைக்குப் போக வேண்டும். பெரியவர்கள் கேட்டு எழுதிக்கொள்வது முதல் பதிலை. இரண்டாவது பதிலுக்குச் சாட்சி, பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் மட்டுமே.

ஒவ்வொரு மே மாதமும் தேர்வு முடிவு வந்ததும் செய்தித்தாள்கள் முதல் பதிலைத்தான் தேடி ஓடுகின்றன. 2017-ல் தமிழக அரசு மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. நல்ல முடிவு. ஒரு மதிப்பெண்ணில் இடம் போய் அழுத பிள்ளைகளின் படங்கள் நின்றன. ஆனால் ரேங்க் பட்டியல் போன இடத்தில் வேறு எதுவும் வரவில்லை. 2025-ல் ஏறக்குறைய 7.9 லட்சம் பேர் பிளஸ் டூ எழுதினார்கள். தேர்ச்சி 95.03 விழுக்காடு. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தேறும் ஒரு தேர்வில், தேறினார் என்ற செய்தி ஒருவரைப் பற்றி என்ன சொல்லிவிடும்? அவர் யார் என்று சொல்ல வேறு ஏதாவது வேண்டும்.

கூடப் படித்தவனின் கண் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் கும்பகோணமே சாட்சி. டவுன் ஹைஸ்கூலில் ராமானுஜன் படித்த காலத்தில் பள்ளித் தோழர் ஒருவர் அவரிடம் ஒரு கணக்குப் போட்டார். ஓர் எண்ணின் வர்க்கமூலத்தோடு மற்றோர் எண்ணைக் கூட்டினால் 7. முதல் எண்ணோடு இரண்டாவதன் வர்க்கமூலத்தைக் கூட்டினால் 11. எண்கள் எவை? அரை நிமிஷத்தில் 9, 4 என்று பதில் வந்தது. கேட்டவர் சி.வி. ராஜகோபாலாச்சாரி, மூதறிஞர் ராஜாஜி அல்ல, இவர் வேறு. 1904-ல் கணிதப் பரிசோடு பள்ளியை விட்ட ராமானுஜன், கல்லூரியில் மற்றப் பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னைக்குப் போய் அங்கேயும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. காகிதத்தைப் பார்த்தால் அவர் தோற்ற மாணவர். 1910-ல் சென்னையில், மெலிந்து மனம் தளர்ந்திருந்த நிலையில் அவரைச் சந்தித்த பழைய தோழர் ராஜகோபாலாச்சாரி காகிதத்தைப் பார்க்கவில்லை. ஊருக்கே திரும்பிவிடலாம் என்றிருந்தவரை, ஏற்கெனவே உதவி கேட்டுப் போயிருந்த கணித ஆர்வலர் திவான் பகதூர் ராமச்சந்திர ராவிடம் மறுபடியும் போகவைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ராமச்சந்திர ராவின் ஆதரவு கிடைத்த பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் பார்த்த அரை நிமிஷத்தை ஒருவர் மறக்காமல் வைத்திருந்தார்.

அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுக'ளில் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது ராக்கெட்டுகளை. அதே புத்தகத்தின் தொடக்கத்தில் ராமேஸ்வரத்துப் பள்ளித் தோழர்கள் மூவரைப் பற்றிச் சொல்லும் பகுதி அதிகம் பேசப்படுவதில்லை. ஒருவர் அப்பாவுக்குப் பிறகு கோவில் அர்ச்சகரானார். ஒருவர் யாத்திரிகர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்யும் தொழிலுக்குப் போனார். ஒருவர் தெற்கு ரயில்வேயில் உணவு ஒப்பந்ததாரரானார். கலாமே விமானப் படை விமானியாக ஆசைப்பட்டு, டேராடூன் தேர்வில் எட்டுப் பேரை எடுத்த இடத்தில் ஒன்பதாவதாக நின்று திரும்பியவர். அவர் வாழ்க்கையில் நிறைவேறாத ஓர் ஆசையும், தோழர்கள் போய்ச் சேர்ந்த மூன்று இடங்களும் ஒரே புத்தகத்தில் ஒரே மரியாதையோடு இருக்கின்றன. ஒரு வகுப்பை இப்படித்தான் நினைவில் வைக்க வேண்டும்.

ஜப்பான் பள்ளிகள் இதை ஒரு வழக்கமாகவே வைத்திருக்கின்றன. பள்ளியை விட்டுப் போகும் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கட்டுரை எழுதும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தொகுப்பாக்கி ஆளுக்கொன்று கொடுப்பார்கள். பேஸ்பால் வீரர் இச்சிரோ சுசுகி ஆறாம் வகுப்பில் எழுதிய கட்டுரை அந்த நாட்டில் புகழ்பெற்றது. தொழில்முறை வீரராவேன் என்றும், 365 நாளில் 360 நாள் கடும் பயிற்சி செய்கிறேன் என்றும் பன்னிரண்டு வயதில் எழுதினார். சேர விரும்பிய அணிகளின் பெயர்கூட அதில் உண்டு. 1991-ல் அவரை எடுத்தது வேறோர் அணி. ஆனாலும் 2025-ல் அமெரிக்க பேஸ்பால் புகழ்க்கூடத்தில் இடம்பெற்ற முதல் ஜப்பானியர் அவரே. அந்தக் கட்டுரை இன்று கிடைக்கக் காரணம், அந்தப் பையன் பெரிய ஆளாவான் என்று யாரோ முன்கூட்டியே கண்டுகொண்டது அல்ல. எல்லாப் பிள்ளைகளின் ஆசையையும் எழுதிவைக்கச் சொன்னார்கள், அதில் அவருடையதும் இருந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. ஆட்டோகிராஃப் நோட்டு இருந்தது. இளநீலம், ரோஸ், மஞ்சள் என்று பக்கத்துக்கொரு நிறம், ஓரத்தில் ஜிகினா. பிறகு ஸ்லாம் புக் வந்தது. பிடித்த நடிகர், பிடித்த நிறம், மறக்க முடியாத நாள் என்று கேள்விகளை அச்சடித்தே விற்றார்கள். இப்போது ஃபேர்வெல் அன்று எடுத்த ரீல்ஸ் அன்று மாலையே ஏறிவிடுகிறது. கடைசிப் பரீட்சை முடிந்ததும் வெள்ளைச் சட்டையில் இங்க் அடிப்பதும் ஒருவகைக் கையெழுத்துதான். இவை எல்லாவற்றிலும் ஒரு குறை உண்டு, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நண்பர்கள் நிறைய உள்ளவனின் நோட்டு நிறையும். யாரோடும் அதிகம் பேசாத, ஒன்பதாம் வகுப்பில் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்த, கல்லுக்கால் ஓரமாகத் தனியே உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளை நோட்டே வாங்குவதில்லை. அவனைப் பற்றி யார் எழுதுவது?

2021-ல் வெளியேறியவர்களுக்கு இந்த அரைகுறை வழிகூட இல்லாமல் போனது. பன்னிரண்டாம் வகுப்பில் அவர்கள் பள்ளிக்குள் கால் வைத்ததே ஜனவரி 19 அன்று. செய்முறைத் தேர்வு முடிந்த கையோடு கொரோனா இரண்டாம் அலை. பொதுத்தேர்வு ரத்து. பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் 30 என்று கணக்குப் போட்டு மதிப்பெண் வந்தது. குரூப் போட்டோ இல்லை, ஃபேர்வெல் இல்லை, சட்டையில் ஒரு சொட்டு இங்க் இல்லை. கணக்குப் போட்டு மதிப்பெண் கொடுக்க முடிந்தது. விடைபெறுவதற்கு அப்படி ஒரு சூத்திரம் கிடைக்கவில்லை.

இதெல்லாம் வெறும் ஏக்கம் என்று ஒதுக்குகிறவர்கள் நாங்குநேரியை நினைத்துப் பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்டில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் அவரோடு ஒரே பள்ளியில் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கைக்கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. கயிற்றை அவிழ்க்கத்தான் வேண்டும். அவிழ்த்த கையை அடுத்தவன் எப்படி அடையாளம் காண்பான் என்ற கேள்வி அதற்குப் பிறகும் மிச்சமிருக்கிறது. பக்கத்துப் பையனைப் பற்றி ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தால், அவனுக்கு எது நன்றாக வரும், எதற்குப் பயப்படுவான், என்ன ஆக ஆசைப்படுகிறான் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு பக்கம் எழுதினால் பகை தீர்ந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. முகம் தெரியாத வெறுப்பு சுலபம். அந்தச் சுலபத்தைப் பள்ளி அனுமதிக்கக் கூடாது.

எனவே ஒரு கோரிக்கை. ஒவ்வொரு பிளஸ் டூ வகுப்பும் ஒரு வகுப்பு ஏடு எழுதிவைத்துவிட்டுப் போகட்டும். பெரிய செலவு இல்லை. ஒரு லாங் சைஸ் நோட்டு போதும். டிசம்பரிலேயே சீட்டுக் குலுக்கி யார் யாரைப் பற்றி எழுதுவது என்று முடிவு செய்யலாம். நண்பன் நண்பனைத் தேர்ந்தெடுத்தால் ஆட்டோகிராஃபின் கதைதான் மறுபடியும் நடக்கும், அதனால் சீட்டு அவசியம். ஆளுக்கு ஒரு பக்கம், சொந்தக் கையெழுத்தில். நேரில் பார்த்த ஒரு சம்பவம் இருக்க வேண்டும். எதிர்கால ஆசையை அந்த மாணவர் வாயாலேயே கேட்டு எழுத வேண்டும். மதிப்பெண் கூடாது, பட்டப்பெயர் கூடாது, சாதி கூடவே கூடாது. வகுப்பாசிரியர் ஒருமுறை படித்து, மனம் புண்படும் வரி இருந்தால் எழுதியவரைக் கூப்பிட்டுப் பேசலாம். எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டாம். ஃபேர்வெல் அன்று சிறப்பு விருந்தினர் உரையைக் கால் மணி நேரம் குறைத்துக்கொண்டு, சில பக்கங்களை வாசிக்கலாம். நோட்டு பள்ளி நூலகத்தில் இருக்கட்டும், நகல் ஆளுக்கொன்று.

பிளஸ் டூவில் இதற்கு நேரம் ஏது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். முதல் திருப்புதல், இரண்டாம் திருப்புதல், செய்முறை என்று ஜனவரியும் பிப்ரவரியும் ஓடிவிடும். ஆனால் வேலைப்பளுவுக்கு நடுவில்தான் அரசும் 2022-ல் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கி, இந்தப் பிள்ளைகளிடம் என்ன படிக்க விருப்பம் என்று கேட்கத் தொடங்கியது. 2021-22 கணக்குப்படி உயர்கல்விச் சேர்க்கை இந்தியா முழுவதும் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47. வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறும் பிள்ளைகள் நிறையப் பேர் இந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள். ஆசைக்கு வழி திறந்திருக்கும் மாநிலத்தில் ஆசையைச் சரியாகக் கேட்டு எழுத இரண்டு பீரியடு ஒதுக்கலாம். ஆண், பெண் சேர்ந்து படிக்கும் பள்ளியில் பெற்றோர் தயங்கினால், சீட்டைத் தனித்தனியே குலுக்கலாம். அதற்காகத் திட்டத்தையே கைவிட வேண்டியதில்லை.

பொதுத்தேர்வுக்கு நாமினல் ரோல் தயாராகும் நாட்களில் வகுப்பாசிரியர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விவரம் சரிபார்ப்பார். பெயர், இனிஷியல், பிறந்த தேதி. அங்க அடையாளம் வரும்போது பெரும்பாலான பிள்ளைகள் முழிப்பார்கள். சட்டைக் கையைச் சுருட்டித் தேடுவார்கள். அப்போது பக்கத்தில் இருக்கும் தோழி குறுக்கே புகுந்து சொல்வாள்: "மணிக்கட்டுக்கிட்ட ஒண்ணு இருக்கு மிஸ். கழுத்துக்குப் பின்னாடி இன்னொண்ணு இருக்கு, அது அவளுக்கே தெரியாது."