கார்கிலுக்கு ஒரு குழு, கல்வானுக்கு ஏன் இல்லை?

மதுரை மாட்டுத்தாவணியில் தொண்டி பஸ் ஏறினால் சிவகங்கை, காளையார்கோவில் தாண்டித் திருவாடானை வரும். அந்தத் தாலுகாவில் இருக்கிறது கடுக்கலூர். கண்மாய் நிறைந்தால் விவசாயம், நிறையாவிட்டால் பட்டாளம் என்று பிள்ளைகளை அனுப்பிப் பழகிய வானம் பார்த்த பூமி. அந்த ஊர்க்காரரான ஹவில்தார் பழனி 22 ஆண்டுகள் ராணுவத்தில் இருந்தவர். 2020 ஜூன் 15 இரவு, லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினருடன் நடந்த மோதலில் உயிரிழந்தார். அன்று நாம் இழந்த வீரர்கள் 20 பேர். துப்பாக்கி வெடிக்கவில்லை, கல்லும் ஆணி பதித்த தடியும்தான் ஆயுதம். பழனியின் உடல் மதுரை விமான நிலையத்தில் இறக்கப்பட்டு, சாலை வழியாக ஊருக்குப் போனது. அடுத்த குடியரசு தினத்தில் அவருக்கு வீர் சக்ரா விருது அறிவிக்கப்பட்டது. விருது வழங்கிய அரசு, அந்த இரவு வரை நிலைமை எப்படி முற்றியது என்பதை ஆராய இன்றுவரை ஒரு குழுவை அமைத்து அறிக்கை தரவில்லை. பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் 2020 செப்டம்பரிலும் 2021 பிப்ரவரியிலும் இரு அவைகளிலும் அறிக்கை வாசித்தார். எதிர்க்கட்சிகள் கேட்ட விவாதம் நடக்கவில்லை. கார்கில் போருக்குப் பின் அமைத்ததைப் போன்ற ஒரு மறுஆய்வுக் குழுவை லடாக்குக்கும் அமைத்து, அதன் அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும் என்கிறோம்.

இது எதிர்க்கட்சிகள் கண்டுபிடித்த கோரிக்கை அல்ல; இன்று ஆளும் கட்சியின் சொந்த முன்னுதாரணம். கார்கில் போர் 1999 ஜூலை 26 அன்று முடிந்தது. ஜூலை 29 அன்றே வாஜ்பாய் அரசு குழுவை அமைத்துவிட்டது. அப்போது அது நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றுக் காபந்து அரசாக இருந்தது. தேர்தல் கண்ணெதிரே நின்றது. உளவுத் துறை கோட்டைவிட்டது என்று ஒரு வரி வந்தால் மேடைக்கு மேடை அடிபடும் என்பது வாஜ்பாய்க்குத் தெரியாததல்ல. தலைவராகப் போட்டது திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியத்தை, யாருக்கும் வளைந்துகொடுத்துப் பேசுகிறவர் அல்ல அவர். முன்னாள் பிரதமர்கள் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோரிடம் கேட்டறிந்த குழு, ஐந்தே மாதத்தில் வேலையை முடித்தது. ரகசியப் பகுதிகளை நீக்கிவிட்டு, 2000 பிப்ரவரி 23 அன்று அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பிறகு புத்தகமாகக் கடைக்கும் வந்தது. பாதுகாப்பு உளவு முகமை, தேசிய தொழில்நுட்ப ஆய்வு அமைப்பு, பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2020 ஜனவரியில் வந்த முப்படைத் தலைமைத் தளபதி பதவி எல்லாம் அந்த அறிக்கை தொடங்கிவைத்த பேச்சின் விளைவுகள். அந்த சுப்ரமணியத்தின் மகன்தான் இன்றைய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர். தந்தை எழுதியதைப் போன்ற ஓர் அறிக்கை வேண்டும் என்பதை அவருக்கு வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

லடாக்கில் நடந்தது நேர் எதிர். கல்வான் மோதல் நடந்த நான்காம் நாள், அனைத்துக் கட்சிக் கூட்டத்தில் பிரதமர், நம் எல்லைக்குள் யாரும் நுழையவில்லை, நம் நிலை எதுவும் யார் கையிலும் இல்லை என்றார். அப்படியானால் வீரர்கள் எங்கே, எதற்காக இறந்தார்கள் என்ற கேள்வி எழ, மறுநாள் பிரதமர் அலுவலகம் விளக்கம் கொடுத்தது. ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சகத்தின் இணையதளத்தில், மே மாதத்திலேயே சீனர்கள் அத்துமீறியதாகச் சொல்லும் ஆவணம் ஒன்று வந்தது. செய்தி பரவியதும் காணாமல் போனது. காரகோரம் கணவாயிலிருந்து சுமூர் வரையுள்ள 65 ரோந்து முனைகளில் 26-இல் நம் படையின் நடமாட்டம் இல்லை என்று நாடு அறிந்துகொண்டது அமைச்சர் வாயிலாக அல்ல. 2023 ஜனவரியில் டெல்லியில் நடந்த காவல் துறைத் தலைவர்கள் மாநாட்டுக்கு லே காவல் கண்காணிப்பாளர் எழுதிய கட்டுரை வழியாக. ரெசாங் லாவில் 1962 நவம்பர் 18 அன்று மேஜர் ஷைத்தான் சிங் விழுந்த இடத்திலிருந்த நினைவுச் சின்னம், படைகள் விலகியபோது வகுத்த இடைவெளி மண்டலத்துக்குள் சிக்கியதால் அகற்றப்பட்டது என்று சுஷுல் பகுதியின் கவுன்சிலர் சொல்லித்தான் தெரிந்தது. பாங்காங் ஏரி, கோக்ரா, ஹாட் ஸ்பிரிங்ஸ் என ஒவ்வோர் இடமாகப் படைவிலகல் நடந்தபோது, முன்பு நாம் ரோந்து போன மண்ணில் எவ்வளவு இந்த மண்டலங்களுக்குள் போயிற்று? ஆடு மேய்க்கிறவருக்குத் தெரியும், எதிரே நிற்கும் சீனச் சிப்பாய்க்கும் தெரியும். வாக்களித்தவருக்கு மட்டும் தெரியாது.

பாதுகாப்பு விவகாரத்தைப் பொதுவில் பேசினால் எதிரிக்கு லாபம் என்பது உடனே வரும் பதில். பதுங்குகுழி எங்கே, பீரங்கி எத்தனை என்று யாரும் கேட்கவில்லை. போர் நடந்துகொண்டிருந்தபோதே நாடாளுமன்றம் கூடிய வரலாறு நமக்கு உண்டு. 1962-இல் சீனப் படை முன்னேறிக்கொண்டிருந்த வேளையில், உடனே நாடாளுமன்றத்தைக் கூட்டுங்கள் என்று கேட்டவர்களில் முன்னால் நின்றவர் அன்று மாநிலங்களவையில் இளம் உறுப்பினராயிருந்த வாஜ்பாய். நேரு நவம்பர் 8 அன்றே கூட்டினார். ரகசியக் கூட்டமாக நடத்தலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. தன் அரசின் தவறுகளைப் பற்றி உறுப்பினர்கள் கிழித்ததையெல்லாம் உட்கார்ந்து கேட்டார். சீனாவுடன் நடந்த கடிதப் போக்குவரத்தை 1959 முதலே வெள்ளை அறிக்கையாக அவையில் வைத்தவரும் அவர்தான். நேருவின் சீனக் கொள்கையைக் குறை சொல்லாத நாளில்லை என்றிருக்கும் இன்றைய ஆளும் கட்சி, அந்தத் துணிச்சலையாவது எடுத்துக்கொள்ளலாம். படையின் மன உறுதி குலையும் என்பவர்களுக்கும் அதே காலத்தில் பதில் இருக்கிறது. திராவிட நாடு கேட்டுக்கொண்டிருந்த அண்ணா, சீனப் படையெடுப்பைக் கண்டு அந்தக் கோரிக்கையை ஒதுக்கிவைத்து மத்திய அரசுக்குத் தோள் கொடுத்தார். கேள்வி கேட்கிறவர்கள் நாட்டைக் கைவிட்டுவிடுவார்கள் என்று அஞ்ச இடமே இல்லை.

மேற்கு எல்லை விஷயத்தில் இதே அரசு விவாதத்துக்கு அஞ்சவில்லை. பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டு, 2025 மே 7 அன்று ஆபரேஷன் சிந்தூர் நடந்த பின், ஜூலை இறுதியில் இரு அவைகளும் நாள்கணக்கில் பேசின; மக்களவையில் பிரதமரே பதிலளித்தார். யாருடைய மன உறுதியும் குலையவில்லை. (அந்த நாள்களில் நம் போர் விமானங்களும் வீழ்ந்தன என்பதை முப்படைத் தலைமைத் தளபதி முதலில் ஒப்புக்கொண்டது சிங்கப்பூரில், வெளிநாட்டு ஊடகத்திடம் என்பது வேறு விஷயம்.) பாகிஸ்தான் பற்றிப் பேசினால் கைதட்டல் வரும், சீனா பற்றிப் பேசினால் கணக்குக் கேட்பார்கள் என்பதைத் தவிர இந்த இரட்டை அளவுகோலுக்கு வேறு காரணம் தெரியவில்லை.

கணக்கு என்றதும் வணிகம் வந்துவிடுகிறது. கல்வானுக்குப் பிறகு அரசு ஊரறியச் செய்தது 59 சீனச் செயலிகளைத் தடை செய்ததுதான். டிக்டாக் போனது; சரக்குக் கப்பல் நிற்கவில்லை. 2019-20-இல் சுமார் 65 பில்லியன் டாலராக இருந்த சீன இறக்குமதி, 2024-25-இல் 113 பில்லியனைத் தாண்டியது. வர்த்தகப் பற்றாக்குறை 99 பில்லியன். மாட்டுத்தாவணி நடைபாதைக் கடைகளில் தொங்கும் ஹெட்செட்டும் சார்ஜரும் அந்தக் கணக்கின் கடைசிப் புள்ளிகள். குறிபார்த்து எடுத்த நடவடிக்கையும் இல்லாமலில்லை. இரண்டு ரூபாய்த் தீப்பெட்டியைப் பத்து ரூபாய் லைட்டர் விழுங்குகிறது என்று கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்து உற்பத்தியாளர்கள் ஓயாமல் முறையிட்ட பிறகு, 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. ஆனால் அது தொழிலைக் காக்க எடுத்த முடிவு. எல்லைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கோரிக்கைக்கு எதிராகச் சொல்லப்படுவதில் எடையுள்ள வாதம் ஒன்றே ஒன்று. கார்கில் முடிந்த போர், லடாக் முடியாத விவகாரம். 2024 அக்டோபர் 21 உடன்பாட்டால் தெப்சாங்கிலும் தெம்சோக்கிலும் ரோந்து திரும்பியது, மானசரோவர் யாத்திரை மீண்டும் தொடங்கியது, நேரடி விமானம் பறக்கிறது, பிரதமர் தியான்ஜின் வரை போய்வந்தார். கனிந்துவரும் நேரத்தில் கிளறலாமா என்கிறார்கள். சத்தமில்லாத பேச்சுவார்த்தையால்தான் அந்த உடன்பாடு கைகூடியது என்பதை மறுக்கவில்லை. அதற்கான பாராட்டு வெளியுறவுத் துறைக்கு உரியது. ஆனால் படைவிலகல் முடிந்தது என்று அரசே சொல்லும்போது, 2020-இன் முதல் பாதியை ஆராய இனி என்ன தடை? எல்லையில் அமைதி காக்க 1993, 1996, 2005, 2013 என நான்கு உடன்பாடுகள் கையெழுத்தாகின. நான்கும் இருக்கும்போதே கல்வான் நடந்தது. ஐந்தாவதை நம்பி உட்காரும் முன், முந்தைய நான்கும் எந்த இடத்தில் அறுந்தன என்று தெரிய வேண்டாமா? இளவேனிலில் எதிர்ப்புறம் படை குவிந்தது நம் உளவுக் கண்ணில் எப்போது பட்டது, பட்ட பிறகு யார் என்ன முடிவெடுத்தார்கள் என்பதில் சீனாவுக்குப் புதிதாகத் தெரிய ஒன்றுமில்லை.

1962 தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் – பகத் அறிக்கை 1963 முதல் அரசு வசம் பூட்டிக் கிடக்கிறது. அதை ஏன் மறைக்கிறீர்கள் என்று 2014 மார்ச்சில் கேட்டவர் எதிர்க்கட்சித் தலைவர் அருண் ஜெட்லி. அதே ஆண்டு ஜூலையில், வெளியிடுவது தேச நலனுக்கு உகந்ததல்ல என்று அவையில் பதில் சொன்னவர் பாதுகாப்பு அமைச்சர் அருண் ஜெட்லி. லடாக்குக்கோ பூட்டிவைக்கவாவது இப்படி ஓர் அறிக்கை எழுதப்பட்டதாக அரசு சொல்லவில்லை. அரசுக்கு வெளியே இருக்கும் ஒருவர் தலைமையில், ஓய்வுபெற்ற படைத் தளபதி ஒருவரும் சீன விவகாரம் அறிந்த தூதர் ஒருவரும் கொண்ட குழு போதும். ஆறு மாத அவகாசம் தாராளம். கார்கில் குழு அதற்கும் குறைவாகவே எடுத்துக்கொண்டது. ரகசியப் பக்கங்களை நீக்கும் உரிமை அரசிடமே இருக்கட்டும். மிச்சத்தை அவையில் வைத்து, இரு நாள் விவாதம் நடத்தட்டும். குழுவை அறிவிப்பதற்கு அடுத்த கூட்டத்தொடரைத் தாண்ட வேண்டியதில்லை.