‘256 பிட்’ காப்பாற்றாது

“எங்க சாஃப்ட்வேர்ல 256 பிட் என்கிரிப்ஷன் இருக்கு சார், ஒருத்தனும் தொட முடியாது.” பில்லிங் சாஃப்ட்வேர் விற்க வருகிறவர் இதைச் சொல்லாமல் போவதில்லை. தென்காசியில் ஸ்கேன் சென்டர் நடத்துகிறவர் நம்புகிறார், நகைக்கடைக்காரர் நம்புகிறார், செங்கோட்டை மரக்கடைக்காரரும் குற்றாலம் விடுதி முதலாளியும் நம்புகிறார்கள். அவர்களிடம் நம் விவரங்களை ஒப்படைத்துவிட்டு வரும் நாமும் நம்புகிறோம். எண் பெரிதாக இருந்தால் காவலும் பெரிது என்கிற இந்த எண்ணம் கண்டிக்கப்பட வேண்டியது. இதை நம்பி உட்கார்ந்திருப்பதால்தான் செய்ய வேண்டிய வேலை எதுவும் நடக்காமல் கிடக்கிறது.

அந்த 256 எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். 1970களின் கடைசியில் தரமாக வந்த ‘டெஸ்’ என்ற குறியாக்க முறையின் சாவி 56 பிட்தான். 1998இல் அதற்கென்றே கட்டிய ஓர் இயந்திரம் மூன்று நாளுக்குள் அதை உடைத்துக் காட்டியது. அதற்குள் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான ‘நிஸ்ட்’ உலகம் முழுவதற்கும் திறந்த போட்டி ஒன்றை அறிவித்திருந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த டேமன், ரைமன் என்ற இருவர் உருவாக்கிய முறை வென்றது. 2001 நவம்பரில் ‘ஏ.இ.எஸ்.’ என்ற பெயரில் அது தரமானது. சாவி 128, 192, 256 என மூன்று அளவுகளில் வரும். மூன்றில் சிறியதான 128 பிட்டையே சாவியை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து உடைத்தவர் இன்றுவரை யாரும் இல்லை. ஆகவே ‘128 போதுமா, 256 வேண்டுமா’ என்ற விவாதம் தென்காசிக் கடைக்குத் தேவையே இல்லாத ஒன்று. திருடன் அந்த வழியில் வருவதில்லை.

பின்னே எந்த வழியில் வருகிறான்? 2019இல் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கியிலிருந்து சுமார் 10.6 கோடிப் பேரின் விவரங்கள் போயின. அந்த வங்கி டேட்டாவைக் குறியாக்கம் செய்துதான் வைத்திருந்தது. உள்ளே வந்தவர் சரியாக அமைக்கப்படாத ஒரு பாதுகாப்புச் சர்வரை ஏமாற்றி, அதற்குத் தரப்பட்டிருந்த அனுமதியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அனுமதி உள்ள ஒன்று கேட்பதாக நினைத்து, சேமிப்பகம் டேட்டாவைத் தானே திறந்து கொடுத்துவிட்டது. உடைப்பதற்கு அங்கே எதுவும் இருக்கவில்லை. அதே சம்பவத்தில் பெருமளவு தப்பித்தவை, பதிலி எண்கள் போட்டு அசலைத் தனியே ஒதுக்கி வைத்திருந்த சமூகப் பாதுகாப்பு எண்களும் கணக்கு எண்களும்தான். அடுத்த ஆண்டு வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம் விழுந்தது.

இதை நம் ஊர் ஸ்கேன் சென்டரில் வைத்துப் பாருங்கள். காலையில் வரவேற்பில் இருக்கும் பெண் கம்ப்யூட்டரைப் போட்டு, பாஸ்வேர்ட் அடித்து உள்ளே போகிறார். அந்த நொடியிலிருந்து சாஃப்ட்வேர் சாவியை எடுத்துக்கொள்கிறது. யார் எந்த நோயாளியின் ரிப்போர்ட்டைக் கேட்டாலும் திறந்து காட்டுகிறது. காட்டத்தான் வேண்டும், இல்லையென்றால் டாக்டர் எப்படிப் படிப்பார்? ராத்திரி மெஷினை அணைக்கும்வரை அந்த டேட்டா திறந்தே இருக்கிறது. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் தெரியும். ‘சர்வீஸுக்கு வேணும்’ என்று, தொலைவிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க்கை எப்போதும் ஓடவிட்டு, அதன் பாஸ்வேர்டையும் வாங்கிப் போன சாஃப்ட்வேர் கம்பெனிப் பையனுக்கும் தெரியும். அந்தப் பாஸ்வேர்ட் அவனிடமிருந்து யாருக்குப் போனதோ அவருக்கும் தெரியும். டிஸ்க்கில் உறங்கும்போது மட்டும் காவல் காக்கிற ஒன்றை, பகல் முழுக்கக் காவல் காப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

சாவி எங்கே இருக்கிறது என்று கேட்டால் நிலைமை இன்னும் மோசம். பில்லிங் சாஃப்ட்வேரின் ஃபோல்டரைத் திறந்தால் ‘கான்ஃபிக்’ என்றொரு ஃபைல் இருக்கும். நோட்பேடில் திறக்கலாம். டேட்டாபேஸின் பெயர், யூசர் பெயர், பாஸ்வேர்ட், அதற்குக் கீழே என்கிரிப்ஷன் சாவி, எல்லாம் வரிசையாகக் கிடக்கும். பேக்கப் எடுக்கும் பேட்ச் ஃபைலைப் பார்த்தால், ராத்திரி 11 மணிக்கு டேட்டாவைப் பாஸ்வேர்ட் போட்டு ஜிப் செய்து வெளி ஹார்ட் டிஸ்க்கில் போடச் சொல்லியிருக்கும். பாஸ்வேர்டும் அதே வரியில் எழுதப்பட்டிருக்கும். ஜிப் ஃபைலும் பேட்ச் ஃபைலும் சேர்ந்தே ஒரே கூகுள் டிரைவுக்கும் போகும். பத்தாயத்தைப் பூட்டிச் சாவியைப் பத்தாயத்தின் ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போகிற காரியம் இது. பெரிய கம்பெனிகளும் இதில் தப்பவில்லை. 2016இல் ஊபரின் 5.7 கோடிப் பேரின் விவரங்கள் போனதற்கு வழி, பொறியாளர்கள் கிட்ஹப்பில் வைத்திருந்த நிரலிலிருந்து கிடைத்த அணுகல் சாவிதான்.

சரி, நல்ல பெயருள்ள முறையை வாங்கிவிட்டோம், அது போதாதா என்பார்கள். போதாது. 2013இல் அடோபி நிறுவனத்திலிருந்து 15 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் வெளியே வந்தபோது, பாஸ்வேர்டுகள் குறியாக்கம் செய்யப்பட்டுத்தான் இருந்தன. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே சாவி. ஒரே பாஸ்வேர்ட் வைத்தவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி முடிவு வருகிற, தவறான பயன்பாட்டு முறை. பக்கத்திலேயே ‘ஞாபகக் குறிப்பு’ வெறும் எழுத்தாகக் கிடந்தது. சாவியைக் கண்டுபிடிக்காமலே, குறுக்கெழுத்துப் போடுவதுபோல் இலட்சக்கணக்கான பாஸ்வேர்டுகளை ஊகித்துவிட்டார்கள். பாஸ்வேர்டுகளைத் திரும்ப விரிக்க முடிகிற மாதிரி வைத்ததே தவறு. அவற்றுக்கு பிகிரிப்ட், ஆர்கான்2 போன்ற ஒருவழி முறைகள் உண்டு. ‘என் பாஸ்வேர்ட் மறந்துபோச்சு’ என்றதும் உங்கள் பழைய பாஸ்வேர்டையே போனில் படித்துச் சொல்கிற சாஃப்ட்வேர்காரர் இருந்தால், அவரை அன்றே மாற்றிவிடுங்கள்.

‘இது நாங்களே எழுதின ரகசிய முறை, வெளியில யாருக்கும் தெரியாது’ என்று பெருமை பேசுகிறவர்களும் உண்டு. முறை எதிரிக்குத் தெரிந்தாலும் சாவி மட்டும் காப்பாற்றினால் போதும் என்று இருக்க வேண்டும் என 1883லேயே குறியாக்க அறிஞர் கெர்க்கோஃப்ஸ் எழுதிவிட்டார். ரகசிய முறைக்காரர்களிடம் இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு நம்பிக்கையும் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. மத்தளம்பாறையில் சோஹோ வந்து உட்கார்ந்ததும், ஸ்ரீதர் வேம்பு இங்கிருந்தபடியே ஓர் உலக நிறுவனத்தை நடத்திக் காட்டியதும் எங்களுக்கெல்லாம் பெருமை. அந்தப் பெருமையை நான் முழு மனதோடு பகிர்ந்துகொள்கிறேன். ஆனால் 2025 செப்டம்பரில் சோஹோவின் ‘அரட்டை’ செயலியை ஊரே இறக்கியபோது, ‘நம்ம கம்பெனி, சர்வர் இந்தியாவுல, என்கிரிப்ட் பண்ணியிருக்கு, ஒருத்தனும் பார்க்க முடியாது’ என்று டீக்கடை வரை பேச்சு நடந்தது. அப்போது அழைப்புகளுக்கு இரு முனைக் குறியாக்கம் இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. சர்வரில் குறியாக்கம் செய்து வைப்பது வேறு, சாவி பேசுகிற இருவரின் கைபேசியில் மட்டும் இருப்பது வேறு. முன்னதில் சாவி நிறுவனத்திடம் இருக்கும். நினைத்தால் திறக்கலாம், சட்டப்படி கேட்டால் திறந்து கொடுக்கவும் வேண்டும். சர்வர் சென்னையில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அதே சோஹோ, வணிக நிறுவனங்களின் டேட்டாவை எப்படிக் காக்கிறது என்று வெளியிட்டிருக்கும் விளக்கத்தைப் படித்தால் வேறொரு பாடம் கிடைக்கிறது. டேட்டாவைப் பூட்டும் சாவியை இன்னொரு சாவியால் பூட்டுகிறார்கள். அந்த இரண்டாவது சாவி டேட்டா இருக்கும் இடத்தில் இருப்பதில்லை, சாவிகளுக்கென்றே உள்ள தனி அமைப்பில் இருக்கிறது. விளக்கத்தில் பெரும்பகுதி சாவிகளைப் பற்றித்தான். மத்தளம்பாறையில் தெரிந்த இந்த விஷயம் பக்கத்தில் இருக்கும் தென்காசிக் கடைத்தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

குற்றாலத்து விடுதிகளைச் சொல்லாமல் விட முடியாது. சாரல் விழ ஆரம்பித்தால் ஈரத்துண்டோடு குடும்பம் குடும்பமாக வந்து நிற்பார்கள். ஆதார் கேட்பார்கள். மேசையில் இருக்கும் பையன் தன் சொந்தக் கைபேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்புவான். விடுதி சாஃப்ட்வேரில் ‘256 பிட்’ இருக்கலாம். பையனின் கேலரியில் என்ன இருக்கிறது? சீசன் முடிந்து அவன் வேறு வேலைக்குப் போகும்போது அந்தப் படங்களும் கூடவே போகின்றன. முதல் எட்டு இலக்கங்களை மறைத்த ஆதாரை ஆணையமே தருகிறது, அதைக் கேட்டு வாங்கலாம். பதிவேடு வைப்பது கடமை; முழு ஆதார்ப் படங்களை வருடக்கணக்கில் சேர்த்து வைப்பது யாருடைய கடமையும் அல்ல. வைத்திராத டேட்டாவை யாரும் திருட முடியாது. இதைவிட மேலான குறியாக்க முறை எதையும் எந்த கம்பெனியும் விற்கவில்லை.

அப்படியானால் என்கிரிப்ஷன் வீண் என்கிறாயா என்று கேட்காதீர்கள். பொதிகை எக்ஸ்பிரஸில் லேப்டாப்பைத் தொலைத்துவிட்டு எழும்பூரில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறவருக்கு, டிஸ்க் முழுவதையும் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதுதான் தெய்வம். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடைக்குப் போடும்போதும், பேக்கப் டிஸ்க் களவு போகும்போதும் அது முழுசாகக் காப்பாற்றும். யாரிடமிருந்து காக்கிறோம் என்று தெரிந்தால்தான் எதைத் தேர்வது என்று தெரியும். டிஸ்க் திருடனுக்கு டிஸ்க் முழுவதையும் பூட்டுவது போதும். உள்ளே நுழைகிறவனிடமிருந்து காக்க வேண்டுமென்றால் ஆதார் எண், வங்கிக் கணக்கு, நோய் விவரம் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பூட்டி, யார் எப்போது திறந்தார் என்று பதிவு வைக்க வேண்டும். சாவியைத் தொலைத்தால் என்ன ஆகும் என்பதையும் யோசித்திருக்க வேண்டும். டேலி வைத்திருக்கிறவர்களுக்கு இது தெரியும்: டேலிவால்ட் என்ற அதன் பூட்டின் பாஸ்வேர்ட் மறந்தால் அந்தக் கணக்கை யாராலும் மீட்க முடியாது.

‘நம்மள மாதிரி சின்னக் கடைய எவன் தேடி வரப்போறான்’ என்கிற பேச்சும் எடுபடாது. டேட்டாவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கடையின் பெயரைப் பார்த்து வருவதில்லை, திறந்திருக்கும் வாசலைப் பார்த்து வருகிறது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை முடக்கியவர்கள் பயன்படுத்தியதும் குறியாக்கம்தான். நாள்கணக்கில் ஓ.பி. சீட்டைக் கையால் எழுதினார்கள். அப்படி ஒரு நிலை வந்தால் கை கொடுப்பது, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றித் தனியே வைத்த பேக்கப் ஒன்றுதான்.

2023இல் வந்த தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டுவிட்டன. பாதுகாப்புக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பின் நடைமுறைக்கு வருகின்றன. விதி என்கிரிப்ஷனோடு நிற்கவில்லை. யார் அணுகலாம் என்ற கட்டுப்பாடு, அணுகியதன் பதிவு, பேக்கப் எல்லாவற்றையும் சேர்த்தே கேட்கிறது. தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அபராதம் வராவிட்டாலும், ஒரு பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட் வெளியே போய்விட்டால் எந்தச் சட்டத்தாலும் அதைத் திரும்ப உள்ளே கொண்டுவர முடியாது.

வியாபாரிகள் சங்கத்துக்கும் விடுதி உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சாஃப்ட்வேர்காரர் வரும்போது எத்தனை பிட் என்று கேட்காதீர்கள். சாவி எங்கே இருக்கிறது, அது யார் யார் கையில் இருக்கிறது, எங்கள் கடைக்கும் அடுத்த கடைக்கும் ஒரே சாவியா, வேலையை விட்டுப் போன பையனின் அனுமதியை எப்போது எடுத்தீர்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.