தோடம்பழத் தோல்



போன கிழமை தேத்தண்ணி இடைவேளையில், பக்கத்து மேசையில் பொதி கட்டும் தங்கச்சி ஒருத்தி மெல்லக் கேட்டாள்: "அக்கா, தொடைத் தோல் தோடம்பழத் தோல் மாதிரி குழி விழுந்து கிடக்கு. லிட்கத்தில ஒரு இடத்தில மெசின் பிடிக்கினம். பத்துத் தரத்துக்கும் காசை முதலே கட்டட்டாம். செய்யட்டோ?"

பிள்ளை, இது வருத்தமில்லை. பெயர் செல்லுலைட். தோலுக்குக் கீழே நார்கள் உள்ளே இழுக்க, இடையில் கொழுப்பு மேலே தள்ளும். மெலிந்த பெண்களுக்கும் வரும்.

கிறீமும் மசாஜும் கொஞ்ச நாளைக்குத்தான். நாரை வெட்டிவிடும் சிகிச்சை கூடக் காலம் நிற்கும். கண்டலும் நோவும் உண்டு. கொழுப்பை உறிஞ்சி எடுத்தால் குழி சிலவேளை கூடவும் செய்யும். அழகுக்காகச் செய்வதற்கு மெடிகெயார் காசு தராது.

'செல்லசீன்' என்றொரு குளிசை இருந்தது. அமெரிக்காவில் அதை விற்ற ரெக்சோல் சண்டவுன் கொம்பனி, ஆதாரமில்லாத விளம்பரம் என்ற வழக்கில், வாங்கினவர்களுக்கு 12 மில்லியன் டொலர் வரை திருப்பிக் கொடுக்க 2003இல் சம்மதித்தது. 2020இல் அங்கே அனுமதி பெற்ற 'கியூவோ' ஊசியும், கண்டலாலும் தோல் நிறம் மாறியதாலும் 2022இல் கைவிடப்பட்டது. எங்கள் நிறத் தோலில் கறுப்புத் தழும்பு இன்னும் சுலபமாய் விழும்.

ஆகவே கேளுங்கள்: செய்பவர் யார்? எவ்வளவு காலம் நிற்கும்? தழும்பு வருமா? முதலில் குடும்ப டொக்டரிடம் காட்டுங்கள். முற்பணம் கேட்பவரிடம், "யோசித்துச் சொல்லுறன்" என்று வெளியே வாருங்கள். குழி எங்கும் ஓடிப்போகாது. ஓவர்டைம் காசு போனால் வராது.

அடுத்த இதழில் சந்திப்போம்.