முதியோருக்குத் தேவை அட்டையா, மருத்துவமா?

எழுபது வயது நிறைந்த அனைவருக்கும் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் காப்பீடு என 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு முழங்கியது. ஆனால், உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் அந்தப் பணம். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாதந்தோறும் வாங்கும் மாத்திரைச் செலவு முதியோர் தலையிலேயே விடிகிறது.

காப்பீட்டுப் பணம் மருத்துவமனை இருக்கும் நகரத்திற்குப் போகுமேயன்றி, முதியவர் இருக்கும் கிராமத்திற்கு வராது. பிள்ளைகள் பிழைப்புத் தேடிப் புலம்பெயர்ந்துவிட்ட பீகார் கிராமத்து மூதாட்டியை யார் அழைத்துச் செல்வது? வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ள முதியோருக்கு, 79 வயது வரை ஒன்றிய அரசு தரும் ஓய்வூதியப் பங்கு மாதம் 200 ரூபாய்; பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அது உயர்த்தப்படவில்லை.

மாற்று இல்லாமல் இல்லை. 2008இல் வலிதணிப்புச் சிகிச்சைக்கெனக் கொள்கை வகுத்த கேரளம், உள்ளாட்சிகள் வழியே செவிலியரைப் படுக்கையில் கிடப்போரின் வீட்டுக்கே அனுப்புகிறது. அங்கே திட்டமிடுவது ஊராட்சி; காப்பீட்டு நிறுவனமல்ல.

2025க்குள் பொதுச் சுகாதாரத்திற்கு உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடு என்று 2017ஆம் ஆண்டுக் கொள்கையில் ஒன்றிய அரசே எழுதியது, எட்டவில்லை. அந்த நிதியை ஒதுக்குக! மாவட்டந்தோறும் முதியோர் தொகைக்கேற்பத் திட்டமிடுக! ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தை இலவசமாக வழங்குக! வீடுதோறும் செல்லும் ஆஷா ஊழியர்களை நிரந்தரமாக்குக! உழைத்து ஓய்ந்தோர் கேட்பது சலுகையல்ல, உரிமை.