கச்சான் காற்றும் கட்சித் தோழனும்

தோழனே! இந்த ஞாயிறு ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். குற்றவாளி வேறு எவருமல்லர், நானேதான்!

சில ஆண்டுகளுக்கு முன்பு, தூத்துக்குடியை அடுத்த கரையோரச் சிற்றூரில் என் நாடகம் நடந்தது. தலைவன் செந்தமிழில் முழங்கினான். தலைவி கனித்தமிழில் உருகினாள். மீனவனோ, நான் எழுதிக் கொடுத்தபடி, கொச்சை பேசிக் கோணங்கி செய்தான். பிற ஊர்களில் அந்தக் கட்டத்தில் கொட்டகை குலுங்கும். அங்கே ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

திரை விழுந்தபின் முதியவர் ஒருவர் வந்தார். தோணியில் தண்டலாக இருந்து ஓய்ந்தவர். "தம்பி, நல்லா எழுதியிருக்கீய. ஆனா நாங்க அப்படிப் பேச மாட்டோமே! யாரு பேச்சு அது?" என்றார்.

என்னிடம் விடையில்லை. அது எவர் பேச்சும் அல்லவே! ஏளனத்துக்கென்று நானே சமைத்த பேச்சு!

அன்றிரவு மணலில் அமர்ந்து அவர் எனக்குப் பாடம் நடத்தினார். வடக்கே இருந்து வருவது வாடை; கிழக்கே இருந்து வருவது கொண்டல்; மேற்கே இருந்து வருவது கச்சான். வாடையும் கொண்டலும் பழந்தமிழ்ப் புலவர்கள் பாட்டில் பயின்ற சொற்கள் அல்லவா? கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட எனக்கு அவை தேர்வுக்குரிய செய்யுள். அவருக்கோ அவை உயிர் காக்கும் அறிவு! கொச்சை பேசியது யார்? அவரா, நானா?

கச்சான் என்னும் சொல்லைத் தொடர்ந்து போய்ப் பார். கடல் கடந்து யாழ்ப்பாணக் கரையிலும் அது மேல்காற்றுதான். அதோடு அங்கே நிலக்கடலைக்கும் அதுவே பெயர்! இக்கரையிலேயே காயல்பட்டினத்து முஸ்லிம் இல்லத்தில் தந்தை வாப்பா, தாய் உம்மா. இதே மாவட்டத்தின் கோவில்பட்டிப் பக்கம் போனாலோ, கரிசல் மண்ணின் ஏரும் மாடும் பெற்றெடுத்த வேறொரு சொற்குவியல். மாவட்டத்தின் எல்லையை வருவாய்த்துறை வகுத்தது. சொல்லின் எல்லையைத் தொழிலும் குடியும் உறவும் வகுத்தன.

அந்த எல்லைகளைக் குறித்துவைத்தோமா? வெள்ளையர் ஆட்சியில் கிரியர்சன் நடத்திய இந்திய மொழியளவைத் தொகுதிகள் 1903 முதல் 1928 வரை வெளிவந்தன. மாபெரும் பணி! ஆயின் சென்னை மாகாணம் அந்த அளவையில் சேர்க்கப்படவில்லை. தமிழகத்தின் ஊர்ப்பேச்சு அதன் ஏட்டில் ஏறவில்லை. இத்தனைக்கும், 16ஆம் நூற்றாண்டில் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியார், இக்கரை மக்களின் பேச்சைக் கேட்டே போர்த்துகீசியத்தில் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். அந்நியர் காது கொடுத்தார்; நாம் கைகொட்டிச் சிரித்தோம்!

"இதெல்லாம் பேராசிரியர் வேலை அல்லவா?" என்கிறாயா? பிரான்சு நாட்டைப் பார். கில்லியரோன் என்ற அறிஞர் அந்நாட்டுக்கு மொழிப் படத்தொகுதி வகுக்க முனைந்தபோது, ஊர்தோறும் சென்று சொல் திரட்டியவர் எத்மோன் என்னும் மளிகைக் கடைக்காரர்! 1897 முதல் 1901 வரை 639 இடங்களில் கேட்டார், கேட்டபடியே எழுதினார். நம் கரிசலுக்கு கி. ராஜநாராயணன் 1982இல் வழக்குச் சொல்லகராதி தந்தாரே, அவர் எந்தக் கல்லூரியில் பேராசிரியர் பட்டத்துக்குப் படித்தார்? கரைத் தமிழையும் ஜோ டி குருஸ் 2004இல் 'ஆழி சூழ் உலகு' புதினத்தில் ஏற்றினார். எனினும், ஒரு புதினம் ஒரு கரை முழுவதற்கும் படமாகிவிடாது.

"வட்டாரத்துக்கு வட்டாரம் தமிழைப் பிரித்தால் ஒற்றுமை சிதறாதோ?" என்று அஞ்சும் நண்பர்களும் உண்டு. தொல்காப்பியர் அஞ்சவில்லையே! சொல்லை நால்வகையாக்கித் திசைச்சொல்லுக்கும் இடமளித்தார். மேடைக்கும் பள்ளிக்கும் பொதுத்தமிழ் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு மொழி நம் தோளில் ஏறி அமர்வதை 1938இலும் 1965இலும் எதிர்த்து நின்ற நாம், நம் மேடைத்தமிழை மீனவன் தோளில் ஏற்றலாமா? பள்ளியில் வாய் திறந்தால் சிரிப்பார்களே என்று ஊமையாகும் பிள்ளைக்கு நாம் என்ன விடை சொல்வோம்?

காலம் காத்திராது, தோழனே. தூத்துக்குடியில் முத்துச் சலாபம் கடைசியாக நடந்தது 1961இல். அன்று இருபது வயதில் மூழ்கியவர் இன்று எண்பதைக் கடந்தவர். பார் என்றால் சிப்பி விளையும் கடலடிப் பாறைத்தளம். தோலாயிரம் பார் என்று பெயர் சொல்லிக் காட்ட அவரால் முடியும். கடல்கட்டி என்றொருவர் இருந்தார். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாகச் சொல்லிக் கூலி பெற்றவர். அந்த மந்திரத்தை நான் நம்பவில்லை. அந்தச் சொல்லை இழக்கவும் நான் இசையேன்!

ஆகவே கிளைதோறும் ஒரு நோட்டு வாங்கு. வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை ஒரே கேள்விகளைக் கேள்: இந்தக் காற்றுக்கு என்ன பெயர்? இந்த வலைக்கு? இந்த மீனுக்கு? தாயின் தமக்கையை எப்படி அழைப்பீர்கள்? ஊரும் வயதும் தொழிலும் குறி. சொன்னதைச் சொன்னபடி எழுது, திருத்தாதே. ஊருக்கு ஊர் விடை எங்கே மாறுகிறதோ அங்கே கோடு போடு. அதுதான் படம்!

என் நாடகத்தில் அந்தக் காட்சியை மாற்றி எழுதிவிட்டேன். இப்போது மீனவன் உளறுவதில்லை. "கச்சான் கிளம்பிட்டு, பாயை இறக்கு" என்கிறான். தலைவன் கேட்டு நடக்கிறான். அந்த வசனத்துக்கு எவரும் சிரிப்பதில்லை.