எங்களிடம் மட்டும் காகிதம் கேட்கிறீர்கள்

காட்டை அழிக்கிறவர்கள் நாங்கள்தான் என்று இனி ஒருமுறை எங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லாதீர்கள் சார். கேட்டுக் கேட்டு நெஞ்சு வெந்துபோய்க் கிடக்கிறது.

ஆனைமலையில் காடர் குடியில் பிறந்தவள் நான். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்கு வருகிறீர்களே, வந்ததும் எவ்வளவு பச்சை என்று போட்டோ எடுக்கிறீர்களே, அந்தப் பச்சையைப் பார்த்தால் எங்களுக்கு அடிவயிறு கலங்கும். அது தேயிலை. வெடிபலாவும் நாங்கும் அகிலும் குங்கிலிய மரமும் வானத்தை மூடி நின்ற மழைக்காடு அங்கே இருந்தது. 1890களில் துரைமார் வந்தார்கள். வெட்டினார்கள், தீ வைத்தார்கள், காப்பி வைத்தார்கள், பிறகு தேயிலை வைத்தார்கள். இருநூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த மேட்டு நிலத்தில் இன்று மிச்சம் நிற்பது அங்கங்கே துண்டுத் துண்டாகச் சோலைகள். வெட்டியவர்கள் கையில் காகிதம் இருந்தது. சர்க்கார் கொடுத்த காகிதம்.

அதற்கும் முன்னால் தேக்கு போயிற்று. பம்பாயில் கப்பல் கட்டவும், ரயில் தண்டவாளத்துக்குக் கட்டை போடவும் இந்த மலையின் தேக்கை வெட்டினார்கள். டாப்ஸ்லிப் உச்சியிலிருந்து மரங்களைச் சரிவில் உருட்டிவிட்டார்கள். பிறகு மலைக்கு அந்தப் பக்கம், பரம்பிக்குளத்துக் காட்டிலிருந்து சாலக்குடிக்கு மரம் இறக்கவே கொச்சி ராஜ்ஜியம் ஒரு டிராம் பாதை போட்டது. 1907 முதல் 1963 வரை ஓடிய பாதை அது. வழி காட்டவும் கட்டை தூக்கவும் எங்கள் ஆட்களைத்தான் கூப்பிட்டார்கள். கூலிக் கணக்கில் எங்கள் பாட்டன்மார் இருந்தார்கள், நிலக் கணக்கில் இல்லை.

பிறகு அணைகள் வந்தன. சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், நீராறு. தமிழ்நாடும் கேரளமும் உட்கார்ந்து தண்ணீரைப் பங்கு போட்டன. 1970இல் கையெழுத்தும் போட்டுக்கொண்டன. பொள்ளாச்சித் தென்னைக்கும் உடுமலை வயலுக்கும் தண்ணீர் போகட்டும், பிள்ளை குட்டிகள் பிழைக்கட்டும், அதில் எங்களுக்குப் பொறாமை கிடையாது. ஆனால் எங்கள் கிழங்குக் காடும் தேன் மரமும் நாங்கள் நடந்த தடமும் அந்தத் தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. அந்தப் பேச்சுவார்த்தையில் எங்களுக்கு ஒரு நாற்காலியாவது போட்டீர்களா?

காடு துண்டானதில் தவிப்பது நாங்கள் மட்டுமில்லை. சோலைமந்தியைப் பாருங்கள். மரத்துக்கு மரம் தாவி, பெரும்பாலும் தரையில் கால் வைக்காமலே வாழ்ந்த சீவன். இன்று வால்பாறைப் பக்கத்துப் புதுத்தோட்டத்தில் தார் ரோட்டைக் கடக்கிறது, சுற்றுலா வண்டி வீசும் சிப்ஸ் பொட்டலத்தைப் பொறுக்குகிறது, சக்கரத்தில் அடிபட்டுச் சாகிறது. ரோட்டுக்கு மேலே பாலம் கட்டிக் கொடுத்த நல்ல மனிதர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் கும்பிடுகிறேன். யானை ஆற்றோரமாகத் தன் பழைய வழியில் நடந்தால் ‘ஊருக்குள் யானை புகுந்தது’ என்று எழுதுகிறீர்கள். யானை ஒதுங்கவே அந்த ஆற்றோரக் காடுகள்தானே மிச்சம்? அங்கும் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. தோட்டத்துக் காப்பி சோலைக்குள் தானாக முளைத்துப் பரவுகிறது. மழையும் பழைய கணக்கில் பெய்வதில்லை. பூ தப்பினால் தேன் தப்பும். தேன் தப்பினால் அந்த வருடம் எங்களுக்குக் கடன்.

2007இல் இந்தக் காட்டைப் புலிகள் காப்பகம் என்று அறிவித்தீர்கள். புலி இருக்கட்டும் சார், புலியோடுதானே இத்தனை தலைமுறை இருந்தோம். ஆனால் பிறகொரு அடைமழையில் எங்கள் குடியில் மண் சரிந்து வீடுகள் போயின. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போய் மூங்கில் நட்டுக் குடிசை போட்டோம். மறுநாளே வனத்துறையினர் வந்து பிரித்துப் போட்டார்கள். அனுமதிக் காகிதம் எங்கே என்று கேட்டார்கள். ஈரத் துணியோடு நின்ற கிழவியிடம் கேட்டார்கள்! இத்தனை பெரிய காடு போனபோது எவரும் எவரையும் கேட்காத கேள்வி அது.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் காடர்கள் மிகவும் நலிந்த பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் பட்டியலில் நாங்கள் இல்லை. அங்கே வாழச்சால் காடர்களுக்குக் காட்டின் மேல் சமூக உரிமை கிடைத்திருக்கிறது. ஒரே சனம், ஒரே காடு. நடுவில் நீங்கள் போட்ட கோடு.

2006ஆம் வருடத்து வன உரிமைச் சட்டத்தை எங்கள் பிள்ளைகள் படித்துச் சொன்னார்கள். அதன் விதிகளில், ஊர்ப் பெரியவர்கள் வாய்மொழியாகச் சொல்வதை எழுதிக்கொண்டால் அதுவும் சான்றுதான் என்று இருக்கிறது. எந்த ஓடை எந்தப் பாறையில் பிறக்கிறது, எந்த மரத்தில் எந்தக் குடும்பம் குங்கிலியம் எடுத்தது, எங்கள் செத்தவர்களை எங்கே புதைத்தோம், எல்லாம் எங்கள் குடித்தலைவர் மூப்பனுக்குத் தெரியும். அவருக்கு இப்போது கண் மங்கிவிட்டது, குரல் இருக்கிறது. எழுதிக்கொள்ள ஆள் அனுப்புங்கள். அடுத்த மழைக்கு முன்னால் அனுப்புங்கள்.